ஏரி உடைந்தால் யார் பொறுப்பு?

மழைநாளில் வரப்பு உடைந்து பயிர் அழிந்தால் "கடவுள் செயல்" என்கிறோம். பழஞ்சுவர் சரிந்து மாடு மடிந்தாலும் அப்படியே சொல்கிறோம். ஓட்டுநர் கண்ணயர்ந்து வண்டி பள்ளத்தில் உருண்டு உயிர்கள் போனால்கூட, துக்க வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதே சொல்லைத்தான் மீண்டும் மீண்டும் கேட்கிறோம். இச்சொல்லில் நம் மக்களின் விசுவாசம் இருக்கிறது. தாங்க முடியாததைத் தாங்குவதற்கு ஒரு பிடிமானமும் இருக்கிறது. அதை நாம் எளிதாக எண்ணிவிட முடியாது.

ஆனால் இதே சொல் நீதிமன்றத்துக்குள் நுழையும்போது அதன் வேலை மாறிவிடுகிறது. வீட்டுத் திண்ணையில் அதைச் சொல்பவர் இழந்தவர். நீதிமன்றத்தில் சொல்பவரோ இழப்புக்குக் காரணமானவர் என வழக்குத் தொடரப்பட்டவர். "இது கடவுள் செயல், எனவே நான் இழப்பீடு தரக் கடமைப்பட்டவன் அல்லன்" என்பது சட்டம் ஏற்கும் எதிர்வாதங்களுள் ஒன்று. எப்போது அதை ஏற்பது, எப்போது மறுப்பது என்று நூற்றாண்டுக்கும் மேலாக நீதிபதிகள் சிந்தித்து வந்துள்ளனர். அந்தச் சிந்தனையின் வரலாற்றை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது பயன் தரும் என்று கருதுகிறோம். ஏனெனில் இழப்பீடு கேட்கும் உரிமை இருந்தும் கேளாமலே போய்விடுபவர்கள் நம் நடுவில் மிகப் பலர்.

தீங்கியல் என்றால் என்ன?

ஒருவர் மற்றொருவருக்குச் செய்யும் தீங்கு, ஒப்பந்த மீறலாக இல்லாத நிலையில், அதற்குப் பணவடிவில் ஈடு பெற்றுத் தரும் சட்டத்தைத் தமிழில் தீங்கியல் சட்டம் என்கிறோம். ஆங்கிலேயர் இதனை 'டார்ட்' என்பர். 'முறுக்கப்பட்டது', 'கோணலானது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த சொல் அது. நேராக இருக்க வேண்டிய நடத்தை கோணலாகிப் பிறரை வருத்தும்போது இச்சட்டம் பிறக்கிறது. குற்றவியல் சட்டம் குற்றவாளியைத் தண்டிக்க முனைகிறது. தீங்கியல் சட்டமோ பாதிக்கப்பட்டவரை முன்பிருந்த நிலைக்கு, பணத்தால் இயன்ற அளவு, மீட்க முனைகிறது. முன்னதில் அரசு வழக்காடுகிறது. பின்னதில் பாதிக்கப்பட்டவரே வாதியாகிறார். நம் நாட்டில் இச்சட்டத்தின் பெரும்பகுதி இன்றளவும் ஒரே சட்டநூலாகத் தொகுக்கப்படவில்லை. நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்து வந்திருக்கும் சட்டம் இது. எனவே இதன் வரலாற்றை அறிவதே இதன் கோட்பாடுகளை அறிவதாகும்.

இழப்பு நேர்ந்த இடமெல்லாம் வழக்குப் பிறப்பதில்லை என்பது முதல் கோட்பாடு. 1410ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ஆசிரியர் ஒருவர் புதிதாகப் பள்ளி தொடங்கினார். போட்டியின் காரணமாகப் பழைய பள்ளியின் ஆசிரியர்கள் 40 பென்ஸாக இருந்த கட்டணத்தை 12 பென்ஸாகக் குறைக்க வேண்டியதாயிற்று. அவர்கள் வழக்குத் தொடுத்தனர், தோற்றனர். இழப்பு உண்மைதான், ஆனால் அவர்களது சட்ட உரிமை எதுவும் மீறப்படவில்லை. நம் கடைக்கு எதிரே மற்றொருவர் நேர்மையாகக் கடை வைத்தால் அதற்காக வழக்குப் போட முடியாது.

இதன் மறுபக்கத்தையும் வரலாறு காட்டுகிறது. 1703ஆம் ஆண்டின் வழக்கு ஒன்றில், ஆஷ்பி என்ற வாக்காளரைத் தேர்தல் அதிகாரி வாக்களிக்கவொட்டாமல் தடுத்திருந்தார். ஆயினும் ஆஷ்பி விரும்பிய வேட்பாளரே வெற்றி பெற்றார். அவருக்கு ஒரு காசு நட்டமில்லை. எனினும் உரிமை மீறப்பட்டதே ஒரு தீங்கு என்று தலைமை நீதிபதி ஹோல்ட் நிலைநாட்டினார். ஆக, சட்டம் முதலில் வினவுவது 'என்ன இழந்தாய்?' என்று மட்டும் அன்று. 'உன் எந்த உரிமை மீறப்பட்டது?' என்றும் வினவுகிறது.

கவனக்குறைவால் விளையும் தீங்கில் மூன்றை மெய்ப்பிக்க வேண்டும். பிரதிவாதிக்கு நம்மீது கவனம் கொள்ளும் கடமை இருந்தது. அவர் அக்கடமையில் தவறினார். அத்தவறால் நமக்குக் கேடு விளைந்தது. கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றாகிய நம் குண்டூர் நாட்டில் இதை விளக்க நூல்கள் தேவையில்லை. இங்கு வயல்கள் படிப்படியாக இறங்குகின்றன. மேல்வயலில் நிற்பவர் வெட்டும் வாய்க்கால் கீழ்வயலின் மரவள்ளியைக் காக்கவும் கூடும், அடித்துச் செல்லவும் கூடும். மேலே நிலம் திருத்துபவர் உருட்டும் கல் கீழே எவர் வீட்டருகே போய் நிற்கும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். சரிவில் வாழ்பவர்களுக்கு அயலார் என்பவர் பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமல்லர். தமக்குக் கீழே வாழ்பவரும் அயலாரே.

யார் என் அயலார்?

இவ்வினாவைச் சட்ட உலகில் எழுப்பிய வழக்கு ஒன்று உண்டு. 1928ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் டொனகியூ என்ற ஏழைப் பெண்மணிக்குத் தோழி ஒருவர் இஞ்சி பானம் வாங்கித் தந்தார். அடர்ந்த நிறமுள்ள அந்தப் புட்டியில் அழுகிய நத்தை இருந்ததாகவும், அதனால் தாம் நோயுற்றதாகவும் கூறி அவர் பானம் தயாரித்தவர்மீது வழக்குத் தொடுத்தார். பானத்தை விலை கொடுத்து வாங்கியவர் அவர் அல்லர். எனவே அவருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் இல்லை. அப்படியிருக்கத் தயாரிப்பாளருக்கு அவர்மீது என்ன கடமை? பிரபுக்கள் சபையில் ஐந்து நீதிபதிகளுள் மூவர் அப்பெண்மணியின் பக்கம் நின்றனர். 1932ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பில் அட்கின் பிரபு, லூக்கா நற்செய்தியில் திருச்சட்ட அறிஞர் ஆண்டவரிடம் எழுப்பிய வினாவையே எடுத்தாண்டார்: யார் என் அயலார்? நம் செயலாலோ செயலின்மையாலோ நேரடியாகப் பாதிக்கப்படக் கூடியவர் என்று நாம் நியாயமாக எண்ணிப் பார்த்திருக்க வேண்டியவர் எவரோ அவரே நம் அயலார் என்பது அவர் தந்த விடையின் சாரம்.

சட்டத்தின் விடை நற்செய்தியின் விடையைவிடக் குறுகியது என்பதை அட்கின் பிரபுவே உணர்ந்திருந்தார். நல்ல சமாரியர் தாம் அடிக்காத மனிதரின் காயத்துக்குக் கட்டுப் போட்டார். சட்டம் அதை எவரிடமும் எதிர்பார்ப்பதில்லை. நாம் காயப்படுத்தக் கூடாது என்பதே சட்டம் கேட்பது. எனினும் அந்தக் குறைந்த அளவையேனும் அது விடாப்பிடியாகக் கேட்கிறது.

தேக்கிய நீரும் கார்வேட்டிநகர் ஏரிகளும்

கவனக்குறைவு ஏதும் இல்லாத இடத்திலும் பொறுப்பு உண்டா? இக்கேள்விக்கு இங்கிலாந்திலும் நம் பழைய சென்னை மாகாணத்திலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் விடை தேட நேர்ந்தது. இரண்டு இடங்களிலும் வழக்கு தேங்கிய நீரைப் பற்றியதே.

இங்கிலாந்தின் லங்காஷயரில் ஜான் ரைலண்ட்ஸ் என்ற ஆலை அதிபர் தம் ஆலைக்கு நீர் தேக்க ஒரு நீர்த்தேக்கம் கட்டுவித்தார். திறமையானவர்கள் என்று நம்பியே பொறியாளரையும் ஒப்பந்தக்காரரையும் அமர்த்தினார். அந்நிலத்தின் அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் இருந்தன. வேலை செய்தவர்கள் அவற்றைச் சரிவர அடைக்கவில்லை. 1860ஆம் ஆண்டு டிசம்பரில் தேங்கிய நீர் அக்குழிகளின் வழியே பாய்ந்து, தாமஸ் ஃபிளெச்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸ் தாமாக எந்தத் தவறும் செய்யவில்லை. ஆயினும், தப்பினால் கேடு செய்யக்கூடிய பொருளைத் தன் நலனுக்காகத் தன் நிலத்தில் கொணர்ந்து சேர்ப்பவன், அது தப்பிச் சென்றால் விளையும் கேட்டுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 1866இல் நீதிபதி பிளாக்பர்ன் தீர்ப்பளித்தார். நிலத்தை இயல்புக்கு மாறாகப் பயன்படுத்தும்போதே இவ்விதி பொருந்தும் என்ற வரம்புடன் 1868இல் பிரபுக்கள் சபை அதனை உறுதி செய்தது. இதுவே கண்டிப்பான பொறுப்பு எனப்படும் கோட்பாடு.

இத்தீர்ப்பின் மை உலர்ந்த சில ஆண்டுகளிலேயே அது நம் மண்ணில் சோதனைக்கு உள்ளாயிற்று. இன்று ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள கார்வேட்டிநகர் அன்று சென்னை மாகாணத்தில் ஒரு ஜமீன். பெருமழை பெய்து அந்த ஜமீனைச் சேர்ந்த இரண்டு பழைய ஏரிகள் உடைந்தன. வெள்ளம் சென்னை ரயில்வே கம்பெனியின் பாலங்களையும் பிற கட்டுமானங்களையும் அடித்துச் சென்றது. ரைலண்ட்ஸ் வழக்கின் விதிப்படி ஜமீன்தார் ஈடு செய்ய வேண்டும் என்று கம்பெனி வழக்காடியது. கீழ் நீதிமன்றத்திலும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் தோற்றுப் பின் இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1874இல் அங்கும் கம்பெனியே தோற்றது.

ஜமீன்தார் வென்றதன் காரணத்தை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ரைலண்ட்ஸ் தம் ஆலைக்காக நீரைத் தேக்கினார். கார்வேட்டிநகர் ஏரிகளோ நினைவுக்கு எட்டாத காலம் முதல் குடிமக்களின் பயிருக்காக இருந்து வருபவை. நாடு முழுவதற்குமான பாசன அமைப்பின் உறுப்புகள். அவற்றைத் தூர்த்துவிட ஜமீன்தாருக்கு அதிகாரம் இல்லை. பேணிக் காப்பதே அவர் கடமை. அந்தக் கடமையில் அவர் தவறினார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. பலருடைய வாழ்வுக்காக ஒருவர் சுமக்கும் பொதுக்கடமையையும், தன் ஆதாயத்துக்காக ஒருவர் கொணர்ந்து வைக்கும் அபாயத்தையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்று நீதிபதிகள் கண்டனர். 'மழை பெய்தது, நான் என்ன செய்வேன்?' என்று கைவிரித்ததால் மட்டும் ஜமீன்தார் வென்றுவிடவில்லை. கரையைக் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்த ஏரியின் பழமை அவரைக் காத்திராது.

ஏரி வெட்டுவதும் மதகு காப்பதும் கலிங்கு பேணுவதும் அறமெனக் கொண்ட தமிழ் மண்ணுக்கு இத்தீர்ப்பின் உட்பொருள் அந்நியமானதன்று. காப்பவரே உரிமை உடையவர். உரிமை உடையவர் காக்கக் கடமைப்பட்டவர்.

சுருங்கிவந்த 'கடவுள் செயல்'

ரைலண்ட்ஸ் விதிக்கு நீதிமன்றங்கள் சில விலக்குகளை ஏற்றன. வாதியின் சொந்தத் தவறு, வாதியின் இசைவு, மூன்றாம் ஆள் ஒருவரின் செயல், சட்டமே தந்த அதிகாரம், கடவுள் செயல் ஆகியவை அவை. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே முதலில் மிகப் பரந்து நின்றது. இங்கிலாந்தில் ஒரு செல்வர் தம் நிலத்தில் ஓடை நீரை மறித்து அழகிய குளங்கள் அமைத்திருந்தார். 1872இல் முன்னெப்போதும் இல்லாத அளவு மழை பெய்து, அவை உடைந்து, கீழே இருந்த நான்கு பாலங்கள் போயின. 1876இல் வந்த தீர்ப்பு இதனைக் கடவுள் செயல் என்று கூறி அவரை விடுவித்தது. ஆனால் 1917இல் இதையொத்த ஒரு வழக்கு ஸ்காட்லாந்திலிருந்து பிரபுக்கள் சபைக்கு வந்தபோது காற்று திசைமாறிவிட்டது. கிரீனக் நகராட்சி ஓடையின் போக்கை மாற்றிக் குழந்தைகளுக்கு விளையாட்டுக் குளம் அமைத்திருந்தது. பெருமழையில் நீர் பொங்கி ரயில்வேக்குச் சேதம் விளைந்தது. இயற்கையான நீரோட்டத்தில் கைவைப்பவர், அது முன்பு எத்துணை நீரைத் தாங்கியதோ அத்துணையையும் தாங்குமாறு செய்யக் கடமைப்பட்டவர். கனமழை என்பது எதிர்பார்க்க வேண்டியதே என்று கூறி நகராட்சியையே பொறுப்பாக்கினர்.

நம் நாட்டு நீதிமன்றங்களும் இவ்வழியே நடந்தன. ஒரு நாளில் 2.66 அங்குல மழை பெய்தபோது ஒரு கட்டடத்தின் சுவர் இடிந்து இரு குழந்தைகள் இறந்தனர். உரிமையாளர் கடவுள் செயல் என வாதிட்டார். மழைக்காலத்தில் அவ்வளவு மழை எவரும் எதிர்பார்க்கத் தக்கதே என்று 1958இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை மறுத்தது. வீடு கட்டுபவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று இணைச்சட்ட நூல் இஸ்ரயேலருக்குக் கட்டளையிட்டிருப்பதை இங்கே நினைவுகூரலாம். திறந்து கிடந்த குழியில் பிறர் மாடு விழுந்தால் குழியைத் தோண்டியவனே ஈடு தர வேண்டும் என்றது விடுதலைப் பயண நூல். குழி விழுங்கியதைக் கடவுளின் கணக்கில் எழுதப் பழைய ஏற்பாடே இடம் தரவில்லை.

அரசும் இந்த விதிக்கு விலக்கானதன்று. குஜராத்தில் கடல்நீரைத் தடுத்து நிலத்தை மீட்பதற்காக அரசு கட்டிய கரையின் குறையால், 1956ஆம் ஆண்டு ஜூலை மழையின் வெள்ளம் ஜெய் லட்சுமி உப்பு ஆலைக்குள் புகுந்து பெருஞ்சேதம் விளைந்தது. வழக்கு பல படிகள் ஏறி இறங்கியது. இறுதியில் 1994இல்தான் உச்ச நீதிமன்றம் அரசே பொறுப்பு என்று தீர்த்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள்! நீதி கிடைத்தது என்று மகிழ்வதா, இத்தனை காலம் ஆயிற்றே என்று வருந்துவதா? வழக்காடியது ஓர் ஆலை, அதனால் தாங்கிக்கொண்டது. ஓர் ஏழை உழவர் தாங்கியிருப்பாரா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இசைவும் பங்குத் தவறும்

எதிர்வாதங்கள் அனைத்தும் தப்பிக்கும் வழிகள் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அவற்றுள் பல நீதியின் தேவையாகவே பிறந்தவை. தன்னைத் தாக்க வருபவனைத் தேவையான அளவுக்குத் தடுப்பவன் பொறுப்பாளி ஆகான். தீ பரவாமல் தடுக்கப் பக்கத்துக் கூரையைப் பிரித்தவனை அவசியம் காக்கிறது. தெரிந்து, விரும்பி, ஓர் அபாயத்தை ஏற்றவர் பின்னர் அதற்காக வழக்காட முடியாது. அறுவை சிகிச்சைக்கு இசைந்தவர் கத்தி பட்டதற்காக மருத்துவர்மீது குறை கூற இயலாது. ஆனால் மருத்துவரின் கவனக்குறைவுக்கு அவர் இசையவில்லை. அபாயம் இருப்பதை அறிவது வேறு. அதற்கு இசைவது வேறு. வேறு வழியின்றி ஏற்பதை மெய்யான இசைவாகச் சட்டம் கொள்வதில்லை.

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் சாலையை அறிந்த நம் மக்களுக்கு இது ஏட்டுப் பாடம் அன்று. பேருந்து தவறியதால் சரக்கு வேனில் ஏறுகிறோம். இடமில்லாததால் படியில் தொங்குகிறோம். விபத்து நேர்ந்தால் என்ன ஆகும்? பாதிக்கப்பட்டவரிடம் சிறு தவறு இருந்தாலும் ஒரு காசும் கிடையாது என்று 1809இல் ஆங்கில நீதிமன்றம் விதித்திருந்தது. அந்தக் கடுமை இன்று இல்லை. யார் பக்கம் எவ்வளவு தவறு என்று அளந்து, அந்த அளவுக்கு மட்டும் இழப்பீட்டைக் குறைப்பதே இன்றைய முறை. பேருந்தின் கூரைமேல் பயணம் செய்தவர் மரக்கிளை மோதி இறந்த வழக்கில், 1980இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூரைமேல் ஏறியவரின் தவற்றையும், அவரை அங்கே அமர விட்டுக் கவனமின்றி ஓட்டியவர்களின் தவற்றையும் சேர்த்தே கண்டது.

சரக்கு வண்டியைப் பற்றித் தனியே ஓர் எச்சரிக்கை தேவை. 1994ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், மூட்டைகளோடு வரும் சரக்கின் உரிமையாளருக்கோ அவர் அனுப்பிய ஆளுக்கோ காப்பீடு உண்டு. ஆனால் சரக்கு வண்டியில் சும்மா ஏறி வரும் பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்துள்ளது. வண்டி உரிமையாளரிடம் கேட்கலாம். அவரிடம் கொடுக்க ஒன்றும் இல்லாதபோது தீர்ப்பு வெறும் தாளாகிவிடுகிறது. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் வேன் நிறைய மக்களை ஏற்றி அனுப்பும் பெரியவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

போபாலும் பாலாறும்

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த நச்சுவாயு உறங்கிக்கொண்டிருந்த நகரின்மேல் படர்ந்தது. அரசுக் கணக்கின்படியே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வாழ்நாள் முழுதும் நோயைச் சுமந்தவர்கள் இலட்சக்கணக்கானோர். நிறுவனம் எடுத்துவைத்த எதிர்வாதம் என்ன? மனக்குறை கொண்ட ஒரு தொழிலாளி செய்த நாசவேலை இது என்பது. ரைலண்ட்ஸ் விதியின் விலக்குகளுள் ஒன்றாகிய 'மூன்றாம் ஆளின் செயல்' என்பதே இவ்வாறு மீண்டும் தலைகாட்டியது. 1989இல் 47 கோடி டாலருக்கு வழக்கு உடன்படிக்கையால் முடிக்கப்பட்டது. அத்தொகை போதாது என்று மைய அரசு பின்னர் கொணர்ந்த சீராய்வு மனுவையும் 2023இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஆனால் போபாலின் நிழலிலேயே வேறொரு தீர்ப்பு பிறந்தது. 1985 டிசம்பரில் தில்லியில் ஸ்ரீராம் நிறுவனத்தின் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான ஐவர் அமர்வு ஒரு புதிய விதியை அறிவித்தது. இயல்பிலேயே அபாயமான தொழிலை நடத்தி ஆதாயம் பெறும் நிறுவனம், அதனால் விளையும் கேட்டுக்கு முழுமையாகப் பொறுப்பாகும். கடவுள் செயல், மூன்றாம் ஆள் முதலிய எந்த விலக்கும் அதற்குக் கிடையாது. நிறுவனம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு இழப்பீடும் பெரிதாக இருக்க வேண்டும். ரைலண்ட்ஸ் விதி பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தேவைக்குப் பிறந்தது. நம் காலத்துக்கும் நாட்டுக்கும் நம் நீதிமன்றமே விதி வகுக்கும் என்று நீதிபதிகள் துணிந்து கூறினர்.

அவ்விதியின் ஆற்றலைத் தமிழகம் பாலாற்றங்கரையில் கண்டது. வேலூர்ப் பகுதியின் தோல் பதனிடும் ஆலைகள் வெளியேற்றிய கழிவால் ஆறும் கிணறுகளும் வயல்களும் கெட்டன. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்று, இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கக் கட்டளையிட்டது. ஆயினும் 2025இலும் இதே பாலாற்றுக்காக அந்நீதிமன்றம் மீண்டும் தலையிட வேண்டியிருந்தது. ஆற்றைக் கெடுக்க எடுக்கும் காலத்தைவிட, அதற்கு ஈடு பெற எடுக்கும் காலம் நீண்டதாக இருக்கிறது.

கோபுரத்தைக் கட்டியவர் யார்?

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஒரு போக்குத் தெளிவாகும். அறிவு வளர வளர, முன்னறிய முடியாதவை குறைகின்றன. முன்னறிய முடிந்ததைத் தடுக்கும் கடமை கூடுகிறது. அதனால் 'கடவுள் செயல்' என்ற எதிர்வாதம் சுருங்கிக்கொண்டே வந்துள்ளது. இதை இறைநம்பிக்கையின் வீழ்ச்சியாக நாம் கருதத் தேவையில்லை. மனிதர் செய்ய மறந்ததை இறைவன் தலையில் சுமத்தும் வழக்கம் குறைவது, இறைவனின் பெயருக்குச் செய்யும் மரியாதையே ஆகும்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றி ஆண்டவர் பேசினார். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று அழுத்தமாக மறுத்தார். துன்புற்றவரின் தலையில் பழியைப் போடுவதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. அங்கே நின்று தீங்கியல் சட்டம் மற்றொன்றையும் கேட்கும்: அந்தக் கோபுரத்தைக் கட்டியவர் யார்? அது சாய்ந்து வருவதைக் கண்டவர் எவரும் இருந்தனரா? இக்கேள்விகளைக் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது.

தமிழ் மரபும் இதற்கு ஒரு சான்று வைத்திருக்கிறது. தேரில் சிக்கிக் கன்று இறந்தபோது, பரிகாரச் சடங்கு செய்தால் போதும் என்று அமைச்சர்கள் மனுநீதிச் சோழனுக்கு எடுத்துரைத்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. அரசன் அதை ஏற்கவில்லை; மணியடித்த பசுவின் துயரைச் சடங்கு தீர்க்காது என்று கண்டான். அவன் அளித்த தண்டனையை நாம் இன்று ஏற்க முடியாது. ஆனால் சடங்கு நீதிக்கு ஈடாகாது என்ற அவன் தெளிவு நமக்கும் வேண்டும். பிறருக்கு விளைவித்த இழப்பை ஈடு செய்வது மீட்புக்கு இன்றியமையாதது என்று தூய தோமா அக்குவினாஸ் கற்பித்தார். மனம் மாறிய சக்கேயு கண்ணீரோடு நின்றுவிடவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக வாக்களித்தார்.

ஆகவே நம் மக்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். விபத்தோ இடிபாடோ நேர்ந்தால் ஆறுதல் சொல்வதோடு, காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்றா என்று கேளுங்கள். மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். உடைந்த கரையையும் சரிந்த சுவரையும் சரி செய்வதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். மோட்டார் வாகன விபத்தில் யார் தவறு என்று மெய்ப்பிக்காமலேயே, இறப்புக்கு 5 இலட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 இலட்சமும் கோர, 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்கிறது. அதே திருத்தம் விபத்து இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடுவையும் விதித்திருப்பதால், துக்கத்தில் காலம் கடத்திவிடக் கூடாது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டா. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பழங்குடியினருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி உரிமை உண்டு. பழங்குடியினராகிய நம் மலையாளி மக்கள் அனைவரும் அதற்கு உரியவர்கள். நாமக்கல்லில் உள்ள மாவட்ட ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும்.

மேல்வயலில் இருப்போருக்கும் ஒரு சொல். உங்கள் வரப்பு உடைந்து கீழ்வயல் அழிந்தால், நீதிமன்றம் அழைக்கும் வரை காத்திராதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இழப்பைக் கணக்கிட்டு, இயன்றதை உடனே கொடுங்கள். எஞ்சியதற்குத் தவணை கேளுங்கள். முப்பத்தெட்டு ஆண்டு வழக்கைவிட அது இருவருக்கும் நல்லது. அடுத்த மழைக்கு முன் இருவரும் சேர்ந்து கரையை உயர்த்துங்கள்.